தொட்டியில் வளர்க்கும் கள்ளி



முயற்காது போன்ற மடல்களையுடைய மெக்சிகோ நாட்டுச் சிறு கள்ளியை இன்று நம் வீட்டுத் திண்ணைகளிலும் அழகுக்காக வளர்க்கிறோம். அடியில் துளையுள்ள மண்தொட்டியில், மணலை மிகுதியாகக் கலந்து நட்டு, வெயிலில் வைக்க வேண்டும். மண் நன்கு உலர்ந்த பின்னரே நீர் வார்க்க வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். புதுச்செடி வேண்டின், ஒரு மடலைப் பிரித்து, வெட்டுவாய் உலரும்வரை சில நாள் நிழலிலிட்டு நடலாம்.

ஆயின், கழித்த மடல்களை வேலியோரம் எறியலாகாது; மண்ணில் விழுந்த மடலும் வேர்விடும். இதன் இனமான சப்பாத்திக்கள்ளி முன்னர் நம் நிலங்களை அடைத்து நின்றது. 1926-இல் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட கொச்சினீல் பூச்சியே அதனைப் பெரிதும் ஒடுக்கியது. ஆகவே, கழிவு மடல்களை நறுக்கி, உலர்த்தி, எரித்துவிடுவோம். இதனை ஊர்தோறும் எடுத்துரைப்பது பஞ்சாயத்துகளாகிய நமது கடமையாகும்.