ஒரே சீருடை, பல சம்பளம்



இந்த நினைவுப் பேருரையில் வழக்கமாகக் கவிதையும் நாவலும் பேசுவோம். இந்த ஆண்டு ஆஸ்பத்திரி வார்டைப் பேச வந்திருக்கிறோம். நம் தெருக்களில் முதல் தலைமுறையாகப் படித்த பெண்கள் பலர் இன்று செவிலியர்கள். தோட்டை அடகு வைத்துப் படிக்க வைத்தோம். "பிள்ளைக்கு நர்ஸ் வேலை" என்றால் தெருவே நிமிர்ந்து பார்க்கும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, நிரந்தரமா ஒப்பந்தமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் ஒரே வார்டு, ஒரே ஷிப்ட், இரண்டு செவிலியர். ஒரே கவுன்சிலில் பதிவு செய்தவர்கள், ஒரே ஊசியைப் போடுகிறவர்கள். ஒருவர் நிரந்தரம். மற்றவர், 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் தேறி 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று சொல்லி எடுத்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தது அதைக் கேட்டுத்தான். தொகை 14,000 ஆனது, பிறகு 18,000 ஆனது. நிரந்தரம் மட்டும் தவணை முறையில் வருகிறது. கொரோனா வார்டுக்கென எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டோருக்கு அதுவும் இல்லை. 2022 டிசம்பர் 31-ஓடு அவர்களின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. கைதட்டியவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

தனியாரில் கட்டிலின் எண்ணிக்கைதான் சம்பளம். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு 2016-இல், 200 கட்டிலுக்கு மேலிருந்தால் அரசுச் சம்பளத்துக்கு நிகராகத் தர வேண்டும், 50-க்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதானே! தாலுகா ஊர் நர்சிங் ஹோம்களில் அதன் பாதிக்கு வேலை பார்க்கும் பிள்ளைகளை நமக்குத் தெரியும். அசல் சான்றிதழ் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கும். வேலையை விட வேண்டுமென்றால் பணம் கட்டி மீட்க வேண்டும்.

வார்டுக்கு வார்டும் வேறுபாடு உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில், வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. பொது வார்டில் ஆறு பேருக்கு ஒருவர். இரவில் மெடிசின் வார்டுக்குள் போய்ப் பாருங்கள், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஆள் பற்றாத இடத்தில் வேலை கீழே இறங்கும். செவிலியர் செய்ய வேண்டியதை ஆயாம்மா செய்வார். அவரும் ஏஜென்சி ஆள், பெரும்பாலும் நம் ஆள். தப்பு நடந்தால் மெமோ செவிலியருக்கு, வேலை நீக்கம் ஆயாம்மாவுக்கு. மலமும் சீழும் தீட்டென்று ஒதுக்கிய சமூகம், அவற்றைத் துடைக்கும் வேலையை இன்றும் யாருக்கு ஒதுக்கியிருக்கிறது என்பதை அந்த வார்டே காட்டும்.

இது இலக்கிய மேடை என்பதால் ஒன்று கேட்கிறோம். நோயாளியின் கட்டிலிலிருந்து நிறைய எழுதப்பட்டிருக்கிறது. செவிலியரோ ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ரிப்போர்ட் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்: காய்ச்சல் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு, எத்தனை மணிக்கு மூச்சு நின்றது என்று. அன்றிரவு தனக்கு எத்தனை கட்டில், தான் எப்போது சாப்பிட்டேன் என்பதற்கு அதில் பத்தி கிடையாது.