சராசரிக்குள் மறைந்த மாவட்டம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "மாவட்டப் பொருளாதார வளர்ச்சிக்குத் திட்டம் போடுவது எப்படின்னு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். "அண்ணே, நான் இன்ஜினியர். பொருளாதாரம் படித்தவன் இல்லையே" என்றேன். "பரவாயில்லை, நீ தருமபுரிக்காரன்தானே" என்றார். அந்த ஒரு தகுதியோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

தகுதிக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் என் பல்லைப் பாருங்கள். விடுதிக்கு வந்த முதல் வாரமே எனக்குக் 'கறை' என்று பெயர் வைத்த நண்பர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். பீடியும் இல்லை, வெற்றிலையும் இல்லை. பென்னாகரம் பக்கத்து எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு செய்த வேலை அது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது அளவு. இத்தனைக்கும் ஒகேனக்கல் எங்களுக்குப் பக்கம். காவிரியைப் பார்க்க ஊரே வண்டி கட்டிக்கொண்டு போகும்; குடிப்பது மட்டும் போர்வெல் தண்ணீர்.

பல் கதையைப் பிறகு தொடர்கிறேன். முதலில் ஓசூரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி. அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதற்குள்தான் இருந்தன. பின்தங்கிய பகுதிகளில் தொழில் வளர வேண்டும் என்று 1971-இல் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1974-இல் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன்பின் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய பெயர்களெல்லாம் ஓசூருக்கு வந்து சேர்ந்தன. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. நம் கல்லூரியில் படித்தவர்கள் எத்தனை பேர் அங்கே சோறு தின்றிருக்கிறோம்!

ஆனால் ஓசூர் வளர்ந்ததற்குக் காரணம் தருமபுரி அல்ல, பெங்களூரு. அங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். அரூரிலிருந்து ஓசூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அரூர்ப் பையனுக்கு ஓசூர் தொழிற்சாலை எந்த அளவுக்குச் சொந்தமோ, அந்த அளவுக்குச் சென்னைத் துறைமுகமும் சொந்தம். இருந்தாலும் புள்ளிவிவரப் புத்தகத்தில் இரண்டும் ஒரே மாவட்டம். ஓசூரின் உற்பத்தியையும் சித்தேரி மலையின் சாமை விளைச்சலையும் ஒன்றாகக் கூட்டித் தலைக்கு வகுத்தால் வருவது மாவட்டச் சராசரி. அந்தச் சராசரி வருமானத்தில் வாழ்ந்த மனிதர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

2003-இல் தமிழ்நாட்டின் மனித மேம்பாட்டு அறிக்கை வெளிவந்தது. சென்னைக்குக் குறியீடு 0.757. தருமபுரிக்கு 0.584, மாநிலத்திலேயே கடைசி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தருமபுரிக்குள் ஓசூரும் இருந்தது. அத்தனை தொழிற்சாலைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் கடைசி! அப்படியானால் ஓசூரை எடுத்துவிட்டுப் பார்த்தால் பென்னாகரமும் அரூரும் எந்தப் பள்ளத்தில் கிடந்திருக்கும்? அடுத்த வருஷமே, 2004 பிப்ரவரியில், கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஓசூரும் அதனோடு போய்விட்டது. 30 வருஷத்துத் தொழில் வளர்ச்சி எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 சதவீதம். தருமபுரியில் 68.54. அதிலும் கடைசிதான்.

சரி, சராசரியை நம்பி ஏமாந்தவர்கள் அதிகாரிகள் மட்டும்தானா? நானும் ஏமாந்திருக்கிறேன். இதை எங்கும் பேசியதில்லை. நம் கல்லூரி என்பதால் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், பாலக்கோடு பக்கம் தக்காளிக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கு அமைக்கத் திட்ட அறிக்கை தயாரிக்கச் சொன்னார்கள். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். விலை ஏறினால் வியாபாரி தோட்டத்துக்கே வந்து நிற்பான். விழுந்தால் பறிக்கும் கூலிகூடத் தேறாமல் செடியோடு விட்டுவிடுவார்கள், இல்லை ரோட்டோரம் கொட்டுவார்கள். அப்படியானால் சேமித்து வைக்க இடம் வேண்டும். என் மூளைக்கு அது இரண்டும் இரண்டும் நாலு மாதிரி இருந்தது. வருஷ உற்பத்தியை எடுத்தேன், சராசரி விலையை எடுத்தேன், டன் கணக்கில் கொள்ளளவு போட்டேன், வரைபடம் போட்டேன். வரைபடத்தில் ஒரு குற்றம் இல்லை, இன்றைக்கும் சொல்வேன்.

கடைசியாக இடம் பார்க்கப் போன அன்று ஒரு பெரியவர் வரப்பில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஏஞ்சாமி, வெல இல்லாத அன்னிக்குத்தான் இதுல கொண்டாந்து வெப்பன். அன்னிக்கு எங் கையில காசு இருக்காது. வாடகை யாரு குடுப்பா? பத்து நாள்ல வெல ஏறும்னு நீ எழுதிக் குடுப்பியா?"

என்னிடம் பதில் இல்லை. தக்காளி உருளைக்கிழங்கு அல்ல. ரொம்பக் குளிர வைத்தால் கெடும். பக்குவமாக வைத்தாலும் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். அதற்குள் விலை ஏறாவிட்டால் சரக்கும் போச்சு, வாடகையும் போச்சு. பத்துப் பெட்டி கொண்டுவருகிறவரால் அந்தச் சூதாட்டம் ஆட முடியாது. இது தெரிந்தும், நான் அறிக்கையில் ஒரு வரியையும் மாற்றவில்லை. தேதி நெருங்கியிருந்தது, அதைத் தவிர வேறு சாக்கு இல்லை.

கிடங்கு கட்டினார்கள். இப்போதும் ஓடுகிறது. உள்ளே இருப்பது புளி! வாங்கி வைத்து, விலை பார்த்து விற்கும் புளி வியாபாரிகளுக்குக் குளிர்பதனம் ரொம்ப உபயோகம்; நிறம் மாறாது. ஆக, 'பயன்பாட்டில் உள்ளது' என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் எழுதிக்கொண்டு போகிறார்கள். எழுதியது பொய்யுமில்லை. தக்காளி மட்டும் பழையபடி ரோட்டோரத்தில் கிடக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு காரியமும் எங்கள் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. 2004-05 முதல் 2006-07 வரை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டம். மொத்தமே 400 ஹெக்டேர், 7 கோடியே 20 லட்சம் ரூபாய். இந்தக் காலத்தில் ஒரு மேம்பாலத்துக்குக்கூடப் போதாத பணம். முதல் வருஷம் 100 ஹெக்டேர், அடுத்து 200, பிறகு 100. சொட்டுநீர்க் குழாயில் நீரோடு உரத்தைக் கரைத்துக் கொடுப்பது, நிழல்வலைக்குள் நாற்று வளர்ப்பது என்று தொழில்நுட்பம் என்னவோ உலகத்துக்கு முன்பே தெரிந்ததுதான்.

என்னைக் கவர்ந்தது திட்டம் போட்ட முறை. முதல் வருஷம் வறட்சியில் நொந்துபோன விவசாயிகள் நம்பவில்லை. அதனால் செலவில் 75 சதவீதம் மானியம். அடுத்த வருஷம் 50, மூன்றாம் வருஷம் 40. பக்கத்துத் தோட்டத்தில் கண்ணால் பார்த்தவனுக்கு அவ்வளவு மானியம் தேவையில்லை என்று முதலிலேயே கணக்குப் போட்டிருந்தார்கள். விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்து, விதை உரம் வாங்குவதிலும் விற்பதிலும் ஒரே குரலில் பேரம் பேச வைத்தார்கள். விஞ்ஞானிகள் வயலில் நின்றார்கள். ஆளைச் சேர்த்தது முதலில், குழாய் பதித்தது பிறகு, சந்தையோடு பேச்சு கூடவே. நான் குளிர்பதனக் கிடங்கில் செய்தது இதற்குத் தலைகீழ்: கட்டடம் முதலில், ஆள் கடைசியில். இப்போது சிறு குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு முழு மானியமே கிடைக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் இலவசமாக வந்த குழாய் சுருட்டி வைத்தபடி மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அங்கே முன்னால் போய் ஆளைச் சேர்க்க யாரும் இல்லை, அவ்வளவுதான்.

பல் கதைக்கு வருகிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரி 26-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்ச் செலவில் முடித்து 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் என்று இருக்கிறது. குழாயில் காவிரி வந்த அன்று எங்கள் அம்மா குடத்துக்குப் பொட்டு வைத்தார்.

ஆனால் அதற்கு முந்தைய வருஷங்களை நினைத்துப் பாருங்கள். ஃபுளோரைடு பல்லோடு நிற்பதில்லை. பல ஆண்டு குடித்தால் எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். எங்கள் மாமா 40 வயதிலேயே குனிந்து களை எடுக்க முடியாதவரானார். கூலிக்குப் போகிறவருக்கு முதுகுதான் மூலதனம். அந்த மூலதனம் கரைந்தது எந்தத் தொழில் வளர்ச்சிக் கணக்கிலும் ஏறவில்லை. ஏனென்றால் தண்ணீர் ஒரு துறை, சுகாதாரம் ஒரு துறை, தொழில் இன்னொரு துறை. எங்கள் ஊரில் மூன்றும் ஒரே ஆளின் உடம்பில் இருந்தன.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் அரசியல் சட்டத்தில் 243இசட்டி பிரிவின்படி மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களைத் தொகுத்து மாவட்டத்துக்கு ஒரு வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அதன் வேலை. தொகுப்பது என்றால் ஸ்டேப்ளர் அடிப்பதல்ல. ஒரு ஊராட்சி கேட்கிற தடுப்பணையும் பக்கத்து ஊராட்சி கேட்கிற போர்வெல்லும் ஒரே நிலத்தடி நீரைப் பற்றியவை என்று கண்டுபிடிப்பதுதான் தொகுப்பு. அதற்கு, கீழே இருந்து வரும் தாள்களில் உண்மை இருக்க வேண்டும்.

அந்த உண்மை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். போன வருஷம் நானும் நாலைந்து நண்பர்களும் எங்கள் ஊராட்சியில் வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி கேட்டோம்: எந்தெந்த மாசம் வீட்டில் யார் யார் இருப்பீர்கள்? கேலி செய்தார்கள், "கலியாணப் பத்திரிகை வைக்கவா?" என்று. பதில்களை மாசவாரியாகக் குறித்தபோதுதான் ஒன்று புரிந்தது. கடலையும் ராகியும் வீடு வந்து, தை கழிந்ததும் பாதி ஊர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு இது தெரியும். ஆனால் இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி முகாமை எங்கள் பக்கம் எப்போது நடத்துகிறார்கள்? நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டுமே, பிப்ரவரி, மார்ச்சில்! யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவர் அப்போது பெங்களூரில் சாரம் கட்டிக்கொண்டிருக்கிறார். ஊரில் இருக்கிறவர்கள் பெயரை எழுதி முகாம் முடிந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய ஒரு ரூபாய் கூடுதலாக வேண்டாம், தேதியை மாற்றினால் போதும். மாவட்டச் சராசரியில் இது எந்தக் காலத்திலும் தெரியாது.

இன்றைக்கு தருமபுரி பக்கத்தில் தடங்கம், அதகப்பாடி வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பூங்கா அமைகிறது. எங்கள் தலைமுறை காத்திருந்த விஷயம். இந்த முறையாவது கம்பெனி வருவதற்கு முன்பே, சுற்றுவட்டத்தில் ஐ.டி.ஐ. படித்தவர் எத்தனை, படிக்க விரும்பும் பெண்கள் எத்தனை, காரிமங்கலத்திலிருந்தும் மொரப்பூரிலிருந்தும் ஷிப்ட் நேரத்துக்கு பஸ் உண்டா என்று எண்ணி வைக்கலாம். மொரப்பூர் என்றதும் நினைவு வருகிறது. அங்கிருந்து தருமபுரிக்கு 1906-லேயே குறும்பாதை ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றது. அந்த இரு ஊர்களுக்கும் இடையே 36 கிலோமீட்டர் பாதைக்கு 2019-இல் மறுபடி அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, உங்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள் என்று துறைத் தலைவர் சொன்னார். உங்கள் சொந்த ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை போர்வெல், எத்தனை அடி, எதில் தண்ணீர் வற்றியது, எந்தக் கட்டடம் எதற்காகக் கட்டி எதற்குப் பயன்படுகிறது, எந்த மாசம் யார் ஊரில் இல்லை. நாங்கள் பயன்படுத்திய படிவத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். நிறைய அடித்தல் திருத்தலோடு இருக்கிறது, மன்னிக்கவும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவில் துறை வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். பாலக்கோடு, அரூர் பக்கத்துப் பிள்ளைகள் அவசியம் வாருங்கள், அந்த இரண்டு பக்கமும் எங்களுக்கு ஆள் இல்லை.