பேசாத ஆணை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றிவரும் இவ்வட்டத்தின் விழாவில் வழக்கறிஞனாகிய என்னைப் பேச அழைத்தபோது, கவிதை பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லையே என்று தயங்கினேன். பிறகு எங்கள் தொழிலில் வழங்கும் ஒரு சொல்லாட்சி நினைவுக்கு வந்தது. காரணங்களை எடுத்துரைக்கும் தீர்ப்பைப் 'பேசும் ஆணை' என்போம். முடிவை மட்டும் அறிவித்துக் காரணம் கூறாது நிற்பதைப் 'பேசாத ஆணை' என்போம். இன்று அந்தப் பேசாத ஆணையைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், ஏழாண்டுத் தண்டனை பெற்ற ஓர் இளைஞனின் மேல்முறையீட்டு மனுவைத் தயாரிப்பதில் என் மூத்த வழக்கறிஞருக்குத் துணைநின்றேன். நாற்பது பக்கம் எழுதினோம். மனு தள்ளுபடி செய்யப்பட்டது என்னும் ஒரே வரி திரும்பி வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அவன் தாய், "எதனாலே தள்ளுனாங்கன்னு அதிலே போட்டிருக்கா சாமி?" என்று கேட்டார். விடை தெரிந்திருந்தும் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது. தோல்வியை அந்த அம்மையார் தாங்கிக்கொண்டார். தம் மகனின் வாதத்தை யாரேனும் படித்தார்களா என்பது தெரியாமற் போனதைத்தான் அவரால் தாங்க இயலவில்லை.

இதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அதன் பின்வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டமும், மனுவையும் கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் பார்த்த அளவில், தலையிடப் போதிய முகாந்திரம் இல்லையென்று கருதினால் மேல்முறையீட்டைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட அனுமதித்தன. அவ்வாறு தள்ளும்போது அமர்வு நீதிமன்றமும் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றமும் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 384ஆம் பிரிவு. உயர் நீதிமன்றத்துக்கு அக்கட்டளை இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த வேறுபாடு அப்படியே தொடர்கிறது. சிறிய மன்றம் காரணம் சொல்லக் கடமைப்பட்டது. பெரிய மன்றத்தின் மௌனத்தைச் சட்டம் தடுக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிக்காமல் விட்டதில்லை. வாதத்துக்குரிய பொருள் உள்ள மேல்முறையீட்டை இவ்வாறு தள்ளுவது முறையன்று என்று 1953இலேயே பம்பாயிலிருந்து வந்த ஒரு வழக்கில் கூறியது. 1970இல், மகாராஷ்டிர வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் ஒற்றைச் சொல்லில் பிறப்பித்த தள்ளுபடி ஆணையை நீக்கியது. ஆயினும் தன்முன் வரும் சிறப்பு அனுமதி மனுக்களைக் காரணம் கூறாது தள்ளும் வழக்கம் அந்த மன்றத்திலும் உண்டு. அத்தகைய தள்ளுபடி கீழ் நீதிமன்றத்தின் காரணங்களை ஏற்றுக்கொண்டதாகாது என 2000ஆம் ஆண்டில் அது விளக்கியது. சட்டத்தைப் பொறுத்தவரை அங்கே எதுவும் சொல்லப்படவில்லை. சிறையிலிருப்பவனைப் பொறுத்தவரை எல்லாமே சொல்லி முடிக்கப்பட்டுவிட்டது.

இங்கே நாம் அனைவரும் அறிந்த ஒரு வழக்குமன்றத்தை நினைவூட்டலாமா? கோவலன் கொலையுண்ட பின் கண்ணகி பாண்டியன் அவைக்கு வருகிறாள். மன்னன் வாயிலை அடைத்துக்கொள்ளவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று தன் காரணத்தை வெளிப்படச் சொல்கிறான். தேவியின் சிலம்பில் இருப்பவை முத்துகள் என்கிறான். சொன்னதனாலேயே அது சோதிக்கப்படுகிறது. சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, தவறு வெளிப்படுகிறது. அவன் வாய் திறவாது "தள்ளுபடி" என்று மட்டும் கூறியிருந்தால், கண்ணகியின் கையில் இருந்த சிலம்புக்கு வேலையே இருந்திராது. காரணத்தைச் சொல்பவன் தான் தவறக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறான். காரணம் எழுதுதல் என்னும் கடமையின் உயிர் இதுவே.

உயிர் போகும் வழக்குகளில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. மரண தண்டனை விதிக்கும் நீதிபதி சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்றது 1973ஆம் ஆண்டுச் சட்டம். கடைசி வாயிலோ ஒரு வரியில் மூடப்படலாம் என்னும் நிலை நெடுங்காலம் இருந்தது. 2018 நவம்பரில், முன்பு காரணமின்றித் தள்ளப்பட்ட அத்தகைய மனு ஒன்றை உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு மீண்டும் எடுத்துக்கொண்டது. மரண தண்டனை வழக்குகளில், தண்டனையைப் பொறுத்தளவிலேனும் காரணம் கூறாமல் மனுவைத் தள்ளலாகாது என்று தெளிவுபடுத்தியது.

அடுத்த ஆண்டில் வந்த வேறொரு தீர்ப்பு கவிஞர்களாகிய உங்களுக்குரியது. ஒரு குழந்தையைக் கொன்றவனின் வழக்கு அது. அக்குழந்தையை நாம் மறத்தலாகாது. குற்றம் நிகழ்ந்தபோது அவனுக்கு வயது 22. சிறையில் 18 ஆண்டுகள் கழித்திருந்தான். 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவன் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. சிறையில் அவன் எழுதிய கவிதைகள் தன் தவற்றை உணர்ந்தவனைக் காட்டுகின்றன என்பதும் அதற்கான காரணங்களுள் ஒன்று. அம்முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். காரணம் எழுதப்பட்டதனால்தான் இரண்டும் நமக்கு இயல்கிறது.

மலைபோல் வழக்குகள் குவியும்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத இயலுமா என்று நீதிபதிகள் கேட்பது நியாயமே. நெடிய தீர்ப்பை யாரும் வேண்டவில்லை. இன்ன வாதத்தைக் கேட்டோம், இன்னதனால் ஏற்கவில்லை என்னும் இரண்டு வரிகள் போதும். இரண்டு வரிகளில் எவ்வளவு சொல்லலாம் என்பதைக் குறளைப் படித்த இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தாய்க்கு அன்று நான் கூற முடியாமற் போன விடை, இனி வரும் தாய்மாருக்கேனும் தாளில் எழுதப்பட்டு வர வேண்டும்.