ஒரு சிறுவனுக்குக் கிடைத்த மேடை



அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பியோரியா என்றொரு ஊர். கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் 1940 டிசம்பரில் அங்கே பிறந்தார். அவர் வளர்ந்தது பாட்டி நடத்திய விபசார விடுதியில். தாய் இடையிலேயே பிரிந்து போனார். பிள்ளைப் பருவத்திலேயே பாலியல் கொடுமையும் நேர்ந்தது. பதினான்கு வயதில் பள்ளியும் அவரை வெளியே அனுப்பிவிட்டது.

அந்தப் பையன் ஊரிலிருந்த கார்வர் சமூக மையத்தின் வாசலுக்கு வந்து, "எனக்கும் நடிக்க வேண்டும்" என்று நின்றான். அங்கே நாடகம் சொல்லிக்கொடுத்த ஜூலியட் விட்டேக்கர் ஒரு வேலைக்காரன் வேடம் கொடுத்தார். ஒருநாள் அரசனாக நடிக்கும் பையன் வரவில்லை. எல்லார் வசனத்தையும் மனப்பாடமாக வைத்திருந்த ரிச்சர்ட் அந்த இடத்தில் நின்றான். அன்றுமுதல் அரசன் அவன்தான்.

அதற்காக வாழ்க்கை உடனே நேராகிவிடவில்லை. ராணுவத்தில் சேர்ந்தார்; சண்டை போட்டு ராணுவச் சிறைக்குப் போனார். 1963இல் நியூயார்க் போய், நகைச்சுவைக் கலைஞர் பில் காஸ்பியைப் பின்பற்றி, யாரையும் உறுத்தாத நகைச்சுவை செய்தார். பெயரும் வந்தது, பணமும் வந்தது. ஆனால் 1967இல் லாஸ் வேகஸில், நிரம்பிய அரங்கத்தைப் பார்த்தவர், "நான் இங்கே என்ன செய்கிறேன்?" என்று கேட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

அதன் பிறகுதான் பியோரியா அவர் பேச்சுக்குள் வந்தது. தெருமுனைக் குடிகாரர், போதகர், சூதாடி, போலீஸ்காரர் என்று ஒவ்வொருவராக அவர் உடம்பில் வந்து நின்றார்கள். கறுப்பின மக்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டது ஊரறியக் கேட்டது. எதை மறைக்க நினைத்தாரோ அதுவே அவர் கலையின் முதலாயிற்று.

திரையும் அவரைத் தேடி வந்தது. 1976இல் 'சில்வர் ஸ்ட்ரீக்'. 1980இல் சிட்னி பாய்ட்டியே இயக்கிய 'ஸ்டர் கிரேஸி' பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதே 1980இல் போதை மயக்கத்தில் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு, சாவின் விளிம்புவரை போய்வந்தார். 1982இல் அந்தத் தீயைப் பற்றியே மேடையில் பேசினார். அழ வேண்டிய இடத்தில் மக்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே அவர் வலியைப் புரிந்துகொண்டார்கள்.

1998இல் நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் பரிசு தொடங்கப்பட்டபோது, அதை முதலில் பெற்றவர் அவரே. 2005இல் காலமானார்.

நேயர்களே, என் மனத்தில் நிற்பது வேறொரு விருது. 1974இல் தொலைக்காட்சி எழுத்துக்காக எம்மி விருது பெற்ற பிரையர், அதைப் பியோரியாவில் இருந்த விட்டேக்கரிடம் கொடுத்துவிட்டார். பள்ளி வெளியே அனுப்பிவிட்ட பையனுக்கு ஒரு சின்ன வேடம் கொடுத்தவர் அவர். நம் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை வாசலில் வந்து நிற்கலாம். உள்ளே கூப்பிடுவோம்.