சம்பளப் பட்டியலில் இல்லாத உழைப்பு



1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது கிண்டிப் பொறியியல் கல்லூரி. அதன் கதவு பெண்களுக்குத் திறக்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1940இல் இங்கே மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார் ஏ. லலிதா. பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தபோது கையில் நான்கு மாதக் குழந்தை. இக்கல்லூரிப் பேராசிரியரான தந்தை பப்பு சுப்பாராவ் துணை நின்றார். பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்னாக்கிகளுக்காக உழைத்தார் லலிதா. அதே காலத்தில் இங்கு குடிசார் பொறியியல் படித்த பி.கே. திரேசியா, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

இந்தப் பெருமையைச் சொல்லும்போது நாம் ஒன்றை விட்டுவிடுகிறோம். லலிதா படித்தபோதும் வேலைக்குப் போனபோதும் மகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அவருடைய குடும்பத்தினர். அந்தக் குழந்தைக்குச் சோறூட்டியவர்கள், தலைவாரிவிட்டவர்கள் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. நாட்டு வருமானக் கணக்கிலும் அவர்கள் உழைப்பு ஏறவில்லை. ஆனால் அந்த உழைப்பு இல்லாமல் அந்தப் பொறியாளர் இல்லை.

காலை எட்டு மணிக்குக் கிண்டி ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையோடு இறங்கித் தொழிற்பேட்டை நோக்கி விரையும் பெண்களில் பலர், தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு வருகிறவர்கள். சம்பளம் ஷிப்டு தொடங்கும்போதுதான் தொடங்குகிறது. வேலை விடியுமுன்பே தொடங்கிவிட்டது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக அதில் 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள்.

இருநூறு ஆண்டு அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து 2023இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், இன்றைய ஆண் பெண் வருமான இடைவெளியில் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகே விழுகிறது என்று காட்டினார். அதே ஆண்டு ஜூனில் நமது சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைக் கட்டிக்காத்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமை என்று அரசே பெயரிட்டது முக்கியமான தொடக்கம். ஆனால் பணம் மட்டும் அந்த 289 நிமிடங்களைக் குறைத்துவிடாது. அவற்றைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும்.

அந்த ஆள், இன்று பட்டம் பெறும் நீங்கள்தான். மாணவர்களே, நாளை உங்கள் வீட்டில் சமையலும் குழந்தை வளர்ப்பும் உங்கள் வேலையும்தான்; "உதவி செய்கிறேன்" என்று சொல்லாதீர்கள். மாணவிகளே, குழந்தை பிறந்ததும் வேலையை விடச் சொன்னால், கணக்கைக் கேளுங்கள்: ஏன் நான் மட்டும்? நிறுவனம் நடத்தப்போகிறவர்களே, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். கட்டடத்தின் முதல் வரைபடத்திலேயே அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

உங்களைப் படிக்க வைத்த ஊதியமற்ற உழைப்புக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடன் இதுதான்.