மலையைத் தனியே பிரிக்க முடியாது



பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் நம் வாடிப்பட்டி வட்டாரத்தைக் கடந்து, கள்ளந்திரி வரை இருபோகத்துக்குப் பாய்ந்து, அப்பால் மேலூர்ச் சீமையின் ஒருபோக நிலங்களுக்குப் போகிறது. அந்தச் சீமையில் நடந்த டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்புப் போராட்டம் நமக்கு அயலூர்ச் செய்தி அல்ல.

2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் தேர்வானதாக ஒன்றியச் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஊர் அது. லகர் வல்லூறும் எறும்புதின்னியும் தேவாங்கும் வாழும் குன்றுகள். அங்கே தமிழி கல்வெட்டு உண்டு, சமணர் படுக்கை உண்டு, பாண்டியர் காலக் குடைவரையும் உண்டு.

எதிர்ப்பு வலுத்ததும், பாரம்பரியத் தலம் 193.215 ஹெக்டேர்தானே, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே என்ற வாதம் எழுந்தது. அதை மட்டும் விலக்கி எல்லையை மறுபடி வரைய ஆராயும்படி, டிசம்பர் 24 அன்று இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தை அமைச்சகம் கேட்டுக்கொண்டது. மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் போராட்டத்தின் ஆகப் பெரிய முடிவு அதுதான் என்பேன்.

காரணம், மழைக்குப் பிறகு அங்கே போய் நின்றாலே விளங்கும். மொட்டைப் பாறையில் விழுந்த தண்ணீர் சுனைகளில் தேங்கி, மிச்சம் ஓடையாக இறங்கிக் கண்மாயில் சேரும். கண்மாய் பெருகினால் கலுங்கு வழியே கீழ்க் கண்மாய்க்கு. மடை திறந்தால் வயலுக்கு. இதில் எந்த இடத்தில் கோடு கிழிப்பது? குன்றை விட்டுவிட்டு அடிவாரத்தில் சுரங்கம் தோண்டினால், சுற்றுக் கிணறுகளின் ஊற்று அந்தப் பள்ளத்தைத் தேடிப் போகும். கீழவளவு, கீழையூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுபட்டதைப் பார்த்த மக்களுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் திரண்டு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதும் ரத்தானது.

ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 12 கிராம சபைகள் கூடி, பாக்சைட் சுரங்கத்தை ஒருமித்து நிராகரித்தன. அங்கே வன உரிமைச் சட்டம் மக்கள் கையில் இருந்தது. மேலூர்க்காரர்களுக்கு அப்படி ஒரு பிடி இல்லை. முக்கியக் கனிமங்களை ஒன்றிய அரசே ஏலம் விட வழிசெய்த 2023ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத் திருத்தமோ இன்றும் அப்படியே இருக்கிறது. ஆகவே இந்த வெற்றியைக் கொண்டாடுகையில் எனக்குக் கவலையும் உண்டு.

நமக்கு வடக்கே சிறுமலை நிற்கிறது; நாளை அதற்கும் இப்படி ஒரு ஏலம் வரலாம். அதற்கு முன்பே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பல்லுயிர்ச் சட்டம், 2002, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொல்கிறது. இந்த மண்டபத்தில் இருக்கும் இளைஞர்களிடம் கேட்கிறேன்: உங்கள் ஊராட்சிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். அதில் எந்த ஓடை, எந்தக் கண்மாய், எந்தப் பறவை விடுபட்டிருக்கிறது என்று, ஏலம் எதுவும் வராத இந்த வருஷத்திலேயே, ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து எழுதிச் சேர்த்துவிடுங்கள்.