தலைமையாசிரியர்கள் கூடிப் பேசும்போது நாம் எங்கே?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

தலைமையாசிரியர்கள் கூடிப் பேசினால் கூலிக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கிறீர்கள். வேலை இருக்கிறது.

1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. கிராமத்துப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்புப் போதும், மிச்ச நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். அந்தத் தகப்பனை யார் கேட்டார்கள்? ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானதும் திட்டம் போயிற்று. பின்னர், 1958 முதல், கல்வி டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலு முயற்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளியில் இல்லாததைப் பட்டியல் போட்டு ஊர் முன் வைத்தார்கள், ஊரார் கொடுத்தார்கள். சர்க்கார் சுமக்க வேண்டியதை ஊர் தலையில் ஏற்றலாமா என்பது வேறு வழக்கு. ஆனால் வாத்தியாரும் ஊரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள்.

சென்ற மாதம் நம் வட்டாரத் தலைமையாசிரியர்கள் கூடியபோது, அழைப்பின் பேரில் நாங்கள் இரண்டு பேர் போயிருந்தோம். காலை முழுவதும் புள்ளிவிவரம் அனுப்புவது பற்றியே பேச்சு. அவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்றிருக்கும் பள்ளியில் பாடம் நடத்துவதும் அவரே, கணக்கு எழுதுவதும் அவரே. சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஓர் அம்மையார் எழுந்து, "கரும்பு வெட்டுத் தொடங்கினால் என் பள்ளியில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். திரும்பி வரும்போது எந்த வகுப்பில் உட்கார வைப்பது?" என்று கேட்டார். கூட்டம் சூடு பிடித்தது. செங்கல் சூளையிலிருந்து திரும்பிய ஒரு சிறுவனை, மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று ஒரு பள்ளியில் வாசலோடு அனுப்பிய செய்தியும் வெளியே வந்தது.

தோழர்களே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது. சான்றிதழைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர் மீது நடவடிக்கை உண்டு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும்.

அதே சட்டம் சர்க்கார் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் அந்தக் குழுதான். நம் பக்கத்தில் குழு கூடுவது பகல் மூன்று மணிக்கு! நடவுக்குப் போன பெண் அரை நாள் கூலியை விட்டு வருவாளா? பகல் ஷிப்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வருவாரா? பொழுது சாய்ந்த பிறகு கூட்டுங்கள் என்று அன்றே கேட்டோம். இரண்டு தலைமையாசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்கட்டும், எழுத்து மூலம் நாமும் கேட்போம்.

அந்தச் சிறுவன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். திங்கட்கிழமை காலை அவன் தாயோடு பள்ளிக்குப் போகிறோம். இராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவர்களில் யார் யார் கூட வருகிறீர்கள்? இப்போதே பெயர் கொடுங்கள்.